பதினொன்றாம் எண் கூண்டு

நுழையும்முன்

வங்கக்கடலில் புயல் உருவாகும் காலங்களில், ‘துறைமுகங்களில் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டது’ என்னும் செய்தியை ஆண்டுதோறும் படிக்கிறோம். அக்கூண்டு யாருக்காக ஏற்றப்படுகிறது? அது சொல்லும் செய்தி உரியவரைச் சென்று சேர்கிறதா? புதுச்சேரிக் கடற்கரையை முன்வைத்து இவ்வினாக்களை ஆராய்கிறது இக்கட்டுரை.

கூண்டின் மொழி

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் வங்கக்கடலில் காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் உருவானதும் நாளிதழ்களில் தவறாமல் ஒரு வரி இடம்பெறும். புதுச்சேரி, கடலூர், நாகப்பட்டினம் முதலிய துறைமுகங்களில் ஒன்றாம் எண் புயல் எச்சரிக்கைக் கூண்டு ஏற்றப்பட்டுள்ளது என்பதே அவ்வரி. அதனைப் படிப்போருள் பலர் அந்த எண்ணின் பொருளை அறியார். எண் கூடினால் ஆபத்தும் கூடும் என்ற அளவில் அவர்கள் அறிவு நின்றுவிடுகிறது.

கூண்டு என்பது பகலில் கம்பத்தில் ஏற்றப்படும் கூம்பு, உருளை வடிவங்களையும், இரவில் ஏற்றப்படும் வண்ண விளக்குகளையும் கொண்ட குறிமொழி. கப்பலில் இருப்போர் தொலைவிலிருந்தே கண்டு உணர்வதற்காக வகுக்கப்பட்டது. ஒன்றும் இரண்டும் தொலைவில் உருவான கொந்தளிப்பையும் புயலையும் குறிக்கும். மூன்றும் நான்கும் துறைமுகத்தையே தாக்கக்கூடிய மோசமான வானிலையைப் பற்றிய எச்சரிக்கைகள். ஐந்து, ஆறு, ஏழு ஆகியவை அபாயத்தையும், எட்டு, ஒன்பது, பத்து ஆகியவை பேரபாயத்தையும் உணர்த்தும்.

அப்படியாயின் பதினொன்று எதனைக் குறிக்கிறது? புயல் எச்சரிக்கை மையத்துடன் இருந்த தகவல் தொடர்பு அற்றுப்போயிற்று என்பதே அதன் பொருள். பேரபாயத்தைக் குறிக்கும் எண்ணுக்கு அடுத்த எண், தொடர்பு அறுந்த நிலைக்கு உரியதாக அமைந்திருப்பதில் ஒரு பாடம் இருப்பதாக நான் கருதுகிறேன். புயலை முன்கூட்டியே அறியும் ஆற்றல் இன்று பெருகியுள்ளது. அறிந்ததைக் கடலில் இருப்பவருக்குக் கொண்டு சேர்ப்பதிலும், அவர் அதனை நம்பிச் செயல்படும் நிலையை உருவாக்குவதிலும்தான் நாம் பின்தங்கியிருக்கிறோம். இனி நம் கவனமும் பொருளும் செல்லவேண்டிய இடம் அதுவே.

புயல் எழுதிய புதுவை வரலாறு

புதுச்சேரியின் வரலாற்றைக் காற்றை விலக்கி எழுத இயலாது. அரியாங்குப்பம் ஆற்றங்கரையில் உள்ள அரிக்கமேடு, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே உரோம நாட்டுடன் வாணிகம் செய்த துறைமுகம். பருவக்காற்றின் போக்கை அறிந்தவர்கள் கலம் செலுத்தியதால் அவ்வாணிகம் செழித்தது. கரிகாலனின் முன்னோர் காற்றை ஏவல்கொண்டு கலம் ஓட்டிய திறத்தை வெண்ணிக்குயத்தியார் புறநானூற்றில் பாடியிருக்கிறார். காற்றை அறிதல் என்பது அக்காலத்தில் அரசரின் பெருமைகளுள் ஒன்றாக எண்ணப்பட்டது.

காற்று துணைசெய்ததைப் போலவே அழிவும் செய்தது. 1746ஆம் ஆண்டு சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுத் தளபதி லபூர்தொனேயின் கப்பல்களை அவ்வாண்டு அக்டோபர் மாதப் புயல் சிதைத்தது. 1761ஆம் ஆண்டின் புத்தாண்டு நாளன்று, புதுச்சேரியை முற்றுகையிட்டிருந்த ஆங்கிலேயரின் கடற்படை புயலில் சிக்கியது. கப்பல்கள் சில நடுக்கடலில் மூழ்கின. சில கரையில் மோதி உடைந்தன. ஆயிரத்துக்கும் மேற்பட்ட மாலுமிகள் மாண்டனர். உலகின் வலிமைமிக்க கடற்படைகளைச் சேர்ந்த அவர்களுக்கும், புயல் வருகிறது என்று முன்கூட்டி உரைப்பார் எவரும் அன்று இல்லை.

கடற்கரைச் சாலையில் காந்தி சிலையருகே நின்று கடலை நோக்குவோர், அலைகளுக்கிடையே சில பழைய தூண்கள் நிற்கக் காணலாம். அவை பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சுக்காரர் அமைத்த துறைப்பாலத்தின் எச்சங்கள். 1952ஆம் ஆண்டுப் புயல் அப்பாலத்தை வீழ்த்தியது. 2011 டிசம்பர் 30 அன்று விடியற்காலையில், கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்த ‘தானே’ புயல், நகரின் பல்லாண்டு மரங்களை வேரோடு சாய்த்ததைப் பெரியோர் இன்றும் நினைவுகூர்வர்.

கணிப்பின் வளர்ச்சி

வெப்பமண்டலக் கடலின் மேற்பரப்பு ஏறத்தாழ 26.5 செல்சியசு அளவுக்கு மேல் சூடாகும்போது, நீராவி மிகுந்த காற்று மேலெழுகிறது. அந்நீராவி குளிர்ந்து முகிலாகும்போது வெளிப்படும் வெப்பம் காற்றை மேலும் மேலெழச் செய்கிறது. கீழே அழுத்தம் குறைய, சுற்றியுள்ள காற்று அவ்விடத்தை நோக்கி விரைகிறது. புவியின் சுழற்சி அதனைச் சுழலச் செய்கிறது. சூடான கடலே புயலுக்கு உணவு; நிலத்தை அடைந்தால் அது வலுவிழப்பது இதனாலேயே. ஏப்ரல் முதல் சூன் வரையும், அக்டோபர் முதல் டிசம்பர் வரையும் வங்கக்கடலில் இதற்கு ஏற்ற சூழல் அமைகிறது.

1864ஆம் ஆண்டு கொல்கத்தாவைப் புயல் அழித்ததன் பின்னர் அத்துறைமுகத்தில் எச்சரிக்கை முறை தொடங்கப்பட்டது. 1875இல் இந்திய வானிலை ஆய்வுத்துறை நிறுவப்பட்டது. அக்காலத்தில் கரையிலுள்ள நிலையங்களின் அழுத்தமானிகளும் கப்பல்கள் தரும் குறிப்புகளுமே சான்றுகள். இன்று செயற்கைக்கோள்கள் முகில்களைப் படம்பிடிக்கின்றன. கடலில் மிதக்கும் மிதவைகள் வெப்பத்தையும் அலையையும் அளக்கின்றன. சென்னை, காரைக்கால் முதலிய இடங்களிலுள்ள ரேடார்கள் கரையை நெருங்கும் புயலைத் தொடர்ந்து கண்காணிக்கின்றன. ஐதராபாத்தில் 1999இல் தொடங்கப்பட்ட இந்தியத் தேசியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், அலையின் உயரம், நீரோட்டம், மீன் கிடைக்கும் பகுதி ஆகியவற்றை நாள்தோறும் அறிவிக்கிறது.

இவ்வளர்ச்சியின் பயனை ஒடிசாவில் காணலாம். 1999ஆம் ஆண்டுப் பெரும்புயலில் அங்கு ஏறத்தாழ பத்தாயிரம் பேர் இறந்தனர். 2013இல் அதே கடற்கரையை ‘பைலின்’ புயல் தாக்கியபோது இறந்தோர் எண்ணிக்கை ஐம்பதுக்கும் குறைவு. 1999இலும் எச்சரிக்கை விடுக்கப்படாமல் இல்லை. ஆயினும் 2013இல் எச்சரிக்கையைத் தொடர்ந்து ஏறத்தாழ பத்து இலட்சம் மக்கள் பாதுகாப்பான இடங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். கணிப்பு செயலாக மாறியபோதுதான் உயிர்கள் காக்கப்பட்டன.

தெரிந்து தெளிவோம்

காற்றின் வேகத்தை அடிப்படையாகக் கொண்டு இந்திய வானிலை ஆய்வுத்துறை பின்வருமாறு வகைப்படுத்துகிறது (மணிக்குக் கிலோமீட்டரில்):
காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 31 முதல் 49 வரை
ஆழ்ந்த காற்றழுத்தத் தாழ்வு மண்டலம் – 50 முதல் 61 வரை
புயல் – 62 முதல் 88 வரை
தீவிரப் புயல் – 89 முதல் 117 வரை
மிகத் தீவிரப் புயல் – 118 முதல் 166 வரை

சென்று சேராத செய்தி

நிலத்தில் இருப்போரை அழைத்துச் செல்லலாம். கடலில் இருப்போரை என்செய்வது? 2017 நவம்பர் இறுதியில் எழுந்த ‘ஒக்கி’ புயல் இவ்வினாவை மிகக் கொடிய முறையில் எழுப்பியது. இலங்கைக்கு அருகே இருந்த தாழ்வு மண்டலம், நவம்பர் 30 காலையில் கன்னியாகுமரிக் கடற்பகுதியில் புயலாக மாறியது. மிகக் குறைந்த நேரத்தில் அது வலுப்பெற்றுவிட்டது. குமரி மாவட்டத்தின் தூத்தூர், வள்ளவிளை, சின்னத்துறை முதலிய ஊர்களைச் சேர்ந்தவர்கள் ஆழ்கடல் மீன்பிடிப்பில் தேர்ந்தவர்கள்; வாரக்கணக்கில் கடலிலேயே தங்கித் தொழில் செய்பவர்கள். எச்சரிக்கை வெளியானபோது அவர்களுள் பலர் முன்னரே நெடுந்தொலைவு சென்றிருந்தனர். கரையிலிருந்து சில கடல்மைல்களைக் கடந்ததும் கைப்பேசி பேசாப் பொருளாகிவிடும். தமிழ்நாட்டையும் கேரளத்தையும் சேர்ந்த மீனவர் நூற்றுக்கணக்கில் இறந்தனர் அல்லது காணாமற்போயினர். பதினொன்றாம் எண் கூண்டு குறிக்கும் நிலையில் அவர்கள் அன்று இருந்தனர். அவர்களுக்காக அக்கூண்டை ஏற்றுவார் மட்டும் இல்லை.

இத்துயருக்குப் பின்னர்ச் சில மாற்றங்கள் நிகழ்ந்தன. செயற்கைக்கோள் வழியாக ஆழ்கடலிலும் எச்சரிக்கையைப் பெற உதவும் ‘ஜெமினி’ என்னும் கருவி 2019இல் அறிமுகமானது. ஆயினும் அது செய்தியைப் பெற மட்டுமே உதவும். ஆபத்தில் இருப்பவர் அதன்வழியே மறுமொழி கூற இயலாது. இக்குறையைக் களையும் இருவழித் தொடர்புக் கருவிகளைப் படகுகளில் பொருத்தும் பணி பின்னர்த் தொடங்கப்பட்டுள்ளது. இது விரைந்து, சிறு படகுகள்வரை முழுமையாக நிறைவேற வேண்டும்.

சென்று சேர்ந்த செய்தி

செய்தி உரிய நேரத்தில் சென்று சேர்ந்தால் என்ன நிகழும் என்பதற்குச் சான்று தேடி நாம் தொலைவு செல்ல வேண்டியதில்லை. புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள நல்லவாடு என்னும் மீனவ ஊரே போதும்.

1998இல் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் புதுச்சேரி ஊர்ப்புறங்களில் தகவல் மையங்களைத் தொடங்கியது. வில்லியனூரைத் தலைமையிடமாகக் கொண்டு அவை இயங்கின. வீராம்பட்டினத்தில் அமைந்த மையம் அமெரிக்கக் கடற்படையின் இணையத்தளத்தில் வெளியாகும் அலை உயரக் கணிப்பை எடுத்துத் தமிழில் மாற்றி, ஒலிபெருக்கி வழியே ஊராருக்கு அறிவித்தது. உலகின் மறுமுனையில் போர்க்கப்பல்களுக்காகத் தொகுக்கப்பட்ட தகவல், படகில் ஏறும் முன் மீனவர் காதில் விழுந்தது. கணினியை அறியாதவரும் எழுத்தறியாதவரும் அதன் பயனைப் பெற்றனர்.

நல்லவாட்டிலும் அத்தகைய மையமும் ஒலிபெருக்கியும் இருந்தன. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை பற்றிய செய்தியைச் சிங்கப்பூரில் பணியாற்றிக்கொண்டிருந்த அவ்வூர் இளைஞர் ஒருவர் அறிந்தார். உடனே வீட்டுக்குத் தொலைபேசியில் அழைத்து எச்சரித்தார். ஊர்மக்கள் மையத்தின் ஒலிபெருக்கியில் அச்செய்தியை அறிவித்து, அனைவரையும் கடற்கரையிலிருந்து வெளியேற்றினர். அலை வந்து படகுகளையும் வீடுகளையும் சிதைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மக்கள் உயிர் பிழைத்தனர்.

ஆழிப்பேரலை வானிலை நிகழ்வன்று. கடலடி நிலநடுக்கத்தால் எழுவது. எனினும் எச்சரிக்கையின் இலக்கணம் இரண்டுக்கும் ஒன்றே. அன்று நம் நாட்டில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் இல்லை. 2007இல்தான் அது செயற்படத் தொடங்கியது. ஒரு தொலைபேசி அழைப்பும் ஓர் ஒலிபெருக்கியும் ஓர் ஊரைக் காத்தன. அவற்றுக்கும் மேலாக, நாள்தோறும் அலை உயரத்தைச் சரியாகச் சொல்லிவந்த அந்த ஒலிபெருக்கியின் மீது மக்கள் நம்பிக்கை வைத்திருந்தனர். அக்குரலைக் கேட்டதும் அவர்கள் ஐயுற்று நிற்கவில்லை.

நம்பிக்கையின் விலை

நம்பிக்கை எளிதில் கிடைப்பதன்று. ‘மழை வரும் என்றார்கள், வெயில் அடிக்கிறது’ என்று வானிலை அறிக்கையை எள்ளி நகையாடுவது நம் வழக்கம். 2024 நவம்பர் இறுதியில் வந்த ‘ஃபெஞ்சல்’ புயலை எண்ணிப் பார்ப்போம். அது புயலாக வலுப்பெறும் என்று முதலில் கணிக்கப்பட்டது. அது தயங்கித் தயங்கி நகர்ந்தது. புயலாகாமலேயே கரையைக் கடக்கக்கூடும் என்று கணிப்பு மாறியது. நவம்பர் 29 அன்று அது புயலாகவே ஆயிற்று. மறுநாள் இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. கடந்த பின்னரும் அகலாமல் பல மணி நேரம் நகருக்கு அருகிலேயே நிலைகொண்டது. 24 மணி நேரத்தில் 45 சென்டிமீட்டருக்கும் மிகுதியான மழை புதுச்சேரியில் பெய்தது. ஓராண்டு முழுமைக்கும் பெய்யும் மழையில் அது ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு.

கணிப்பு மாறிக்கொண்டே இருந்ததைச் சிலர் அறிவியலின் தோல்வி என்றனர். அவ்வாறு கூறுவது பொருந்தாது. புதிய சான்று கிடைக்கும்போது முடிவைத் திருத்திக்கொள்வது அறிவியலின் இயல்பு. புயல் எத்தனை நாள் தொலைவில் உள்ளதோ, அத்தனைக்குக் கணிப்பில் ஐயப்பாடு மிகும். குறை வேறிடத்தில் உள்ளது. ‘இவ்வளவு உறுதி, இவ்வளவு ஐயம்’ என்று கணிப்பாளர் அறிந்திருப்பது, செய்தியாகப் பரவும்போது ‘வரும்’ அல்லது ‘வராது’ என்று சுருங்கிவிடுகிறது. ஐயத்தையும் சேர்த்துச் சொன்னால் மக்கள் குழம்புவர் என்ற எண்ணம் தவறானது. நாள்தோறும் கடலின் ஐயத்தோடு வாழ்பவர் மீனவர்; அவருக்கு அது புதிதன்று.

தவறிய எச்சரிக்கைக்கு ஒரு விலை உண்டு. அதனைக் கொடுப்பவரும் மீனவரே. ஒரு நாள் கடலுக்குச் செல்லாவிடின் படகுக்காரருக்கு மட்டும் இழப்பன்று. பங்குக்குச் செல்லும் தொழிலாளி, கூடை சுமந்து மீன் விற்கும் பெண், வலை பின்னுபவர், பனிக்கட்டி ஏற்றுபவர் ஆகிய அனைவர் வீட்டிலும் அன்று வருவாய் இல்லை. ஐந்து நாள்கள் எச்சரிக்கை நீண்டு கடல் அமைதியாக இருந்துவிட்டால், ஆறாம் நாள் எச்சரிக்கையை அவர் மீறத் துணிவது அறியாமையால் அன்று. அடுப்பெரிய வேண்டும் என்பதால்.

‘உயிரைவிட ஒரு நாள் கூலி பெரிதோ? எச்சரிக்கை மிகுதியாக இருப்பதே நல்லது’ என்று கூறுவோர் உளர். அவர்தம் நோக்கம் நல்லதே. ஆயினும் அவ்வெச்சரிக்கையால் தமக்கு இழப்பு ஏதும் இல்லாதவர்க்கு அதனைக் கூறுவது எளிது. இழப்பைச் சமூகம் பகிர்ந்துகொண்டால்தான் அச்சொல்லுக்கு அறம் உண்டாகும்.

கடலோரச் சொற்கள்

எச்சரிக்கையின் மொழியையும் நாம் ஆராய வேண்டும். ‘தென்மேற்கு வங்கக்கடல் பகுதிகளில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறாவளிக்காற்று வீசக்கூடும், மீனவர்கள் செல்ல வேண்டாம்’ என்பது வழக்கமான அறிக்கை. அது குறிக்கும் கடற்பரப்போ மிகப் பெரிது. வைத்திக்குப்பத்திலிருந்து நாரிழைப் படகில் புறப்படுபவர் அறிய விரும்புவது வேறு. விடியற்காலையில் காற்று எத்திசையிலிருந்து வரும்? எத்தனை பாகம் ஆழமுள்ள நீரில் அலை எவ்வளவு எழும்? நண்பகலுக்குள் திரும்பிவிட இயலுமா? இவற்றுக்கு விடை தரத் தேவையான தகவல் இன்று கணினிகளில் பெருமளவு உள்ளது. அது படகுக்காரரின் வினாவுக்கு விடையாக வடிவம் பெறவில்லை.

கடலோர மக்களிடம் இதற்கான சொல்வளம் நிறைந்திருக்கிறது. வாடை, கொண்டல், கச்சான், சோழகம் எனக் காற்றைத் திசையாலும் குணத்தாலும் பிரித்தறிந்தவர்கள் அவர்கள். உள்ளூரில் காற்றே இல்லாத நாளில் திடீரெனக் கரையேறும் பேரலைகளைக் கேரளக் கடலோர மக்கள் ‘கள்ளக்கடல்’ என்று அழைத்தனர். கள்வனைப் போல ஓசையின்றி வருவதால் அப்பெயர். பல்லாயிரம் கிலோமீட்டர் தெற்கே, தென்பெருங்கடலில் வீசும் கடுங்காற்று எழுப்பிய அலைகளே அவ்வாறு வந்தடைகின்றன என்று ஆய்வாளர் பின்னர்க் கண்டறிந்தனர். அச்சொல்லையே கலைச்சொல்லாகவும் ஏற்றுக்கொண்டனர். இன்று ‘கள்ளக்கடல் எச்சரிக்கை’ முறையாக வெளியிடப்படுகிறது. 2024 மே மாதத்தில் குமரிக் கடற்கரையில் அத்தகைய எச்சரிக்கை நடப்பில் இருந்தபோதே, அலையில் சிக்கி மருத்துவ மாணவர் ஐவர் உயிரிழந்தனர். வானம் தெளிவாக இருந்தால் கடலும் அமைதியாக இருக்கும் என்று எண்ணும் நமக்கு அச்சொல் இன்னும் சென்று சேரவில்லை.

மரபறிவு இருக்கையில் கணிப்பு எதற்கு என்று கேட்பதும் பிழையே. முகிலின் நிறம், நீரோட்டத்தின் மாற்றம், பறவைகளின் போக்கு ஆகியவை கண்ணுக்கெட்டிய தொலைவைப் பற்றிப் பேசும். ஐந்நூறு கிலோமீட்டருக்கு அப்பால் உருவாகும் சுழற்சியைச் செயற்கைக்கோளே காணும். கடல் சூடாகிவரும் இக்காலத்தில் பழைய அடையாளங்களும் மாறிவருவதை மூத்த மீனவர்களே கூறுகின்றனர். இரண்டு அறிவும் ஒன்றையொன்று கேட்டுப் பேச வேண்டும்.

செய்ய வேண்டுவன

முதலாவதாக, அறிவிப்பு ஊரளவில் அமைய வேண்டும். கனகசெட்டிக்குளம் முதல் மூர்த்திக்குப்பம் வரையுள்ள புதுவைக் கடலோர ஊர்கள் ஒவ்வொன்றிலும், வீராம்பட்டினத்தில் ஒலித்ததைப் போன்ற குரல் நாள்தோறும் ஒலிக்க வேண்டும். புயல் நாளில் மட்டும் பேசும் ஒலிபெருக்கியை மக்கள் அச்சத்தோடு கேட்பர். நாள்தோறும் பேசுவதையே நம்பிக்கையோடு கேட்பர்.

இரண்டாவதாக, எச்சரிக்கை நாள்களுக்கு இழப்பீடு வேண்டும். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் 61 நாள்கள் நீளும் மீன்பிடித் தடைக்காலத்திற்கு அரசு நிவாரணம் வழங்குகிறது. மீன்வளத்தைக் காப்பதற்காகத் தொழிலை நிறுத்துவோருக்கு உதவும் அதே நெறி, உயிரைக் காப்பதற்காக நிறுத்தும் நாள்களையும் எண்ணிக் கணக்கிடுமாறு விரிவடையலாம்.

மூன்றாவதாக, கணிப்பு பொய்த்ததா, பலித்ததா என்பதைக் கடலுக்குச் சென்று திரும்பியவரிடம் கேட்டுப் பதிவு செய்ய வேண்டும். தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மாலையில் கரை சேரும் ஒவ்வொரு படகும் கடலை அளந்து வந்த கருவியே.

நான்காவது கடமை பள்ளிகளுக்கு உரியது. வானிலை அறிக்கையைப் படித்துப் பொருள் கொள்ளும் திறன், செய்யுளைப் படித்துப் பொருள் கொள்வதைப் போலவே பயிலத்தக்கது. கடலோர வீடுகளில் கைப்பேசியில் வரும் எச்சரிக்கையைப் பெற்றோருக்கு விளக்கிக் கூறுவோர் பெரும்பாலும் பிள்ளைகளே. அப்பிள்ளைகள் எண்களின் பொருளை அறிந்திருந்தால், ஒவ்வொரு வீடும் ஒரு தகவல் மையமாகும்.

காந்தி சிலையருகே கடலில் நிற்கும் தூண்கள், காற்றின் வலிமையை நமக்கு நினைவூட்டிக்கொண்டிருக்கின்றன. காற்றைத் தடுக்கும் ஆற்றல் 1761இல் எவருக்கும் இல்லை, இன்றும் இல்லை. அது வருவதை அறியும் ஆற்றல் நமக்கு வாய்த்திருக்கிறது. அவ்வறிவு வானிலை மையத்தின் திரையோடு நின்றுவிடாமல், விடியுமுன் படகைத் தள்ளும் மனிதரின் செவியை அடைய வேண்டும். அவர் அதனை நம்பி அன்று கரையில் தங்கினால், அவர் வீட்டில் உலை கொதிக்கவும் வேண்டும். அந்நாளில் பதினொன்றாம் எண் கூண்டுக்குத் தேவை இராது.

கற்பவை கற்றபின்...

1. புயல் எச்சரிக்கைக் கூண்டு எண்களையும் அவற்றின் பொருளையும் விளக்கும் சுவரொட்டி ஒன்றை உருவாக்கி வகுப்பறையில் காட்சிப்படுத்துக.
2. நாளிதழில் வெளியான கடல் வானிலை அறிக்கை ஒன்றை, மீனவ நண்பருக்குக் கூறுவதுபோல் எளிய தமிழில் மாற்றி எழுதுக.
3. ‘எச்சரிக்கை நாள்களுக்கு இழப்பீடு வழங்குதல் தேவையே’ என்னும் தலைப்பில் ஆதரித்தும் மறுத்தும் வகுப்பில் உரையாடுக.